ஒரே எண்ணில் இரண்டு என்ஜின்

முடிச்சு சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் சாந்தாமணி நாற்காலியில் இருந்தபடியே குனிந்து அதை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள். ஒரே இழுப்பில் அவிழ வேண்டும், அவிழ்ந்ததும் தார்ப்பாய் தானாகச் சரிய வேண்டும். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பழகிப் பார்த்தபோதெல்லாம் ஒழுங்காகத்தான் விழுந்தது. இங்கே மாட்டிக்கொண்டால்? ஏதாவது ஒரு கம்பியில் தார்ப்பாயின் ஓட்டை சிக்கி, தலை நரைத்த ஒரு பொம்பளை எழுந்து நின்று இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தால் அவன் சிரிப்பான். வாய்விட்டுச் சிரிக்க மாட்டான், மூக்கு வழியாக ஒரு மூச்சு விடுவான், அவ்வளவுதான். பக்கத்துத் தலையணையில் அத்தனை வருஷம் கேட்ட மூச்சு அது, இத்தனை தூரத்திலிருந்தும் அவளால் அதைக் கேட்க முடியும். தூரம் என்ன தூரம், நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்ட புல்தரை, அதற்கு அந்தப் பக்கம் பச்சைக் கார், காரின் மட்கார்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு சந்தன நிறக் கோட்டில் தண்டபாணி. அவள் பக்கம் இன்னும் திரும்பவே இல்லை. திரும்பினாலும் வேப்பமரத்தடியில் பம்ப் செட்டுகளுக்கும் எண்ணெய் என்ஜின்களுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிற பருத்திச் சேலைக்காரியை யார் என்று பார்க்கப் போகிறானா. கோயம்புத்தூரில் வருஷாவருஷம் நடக்கிற பழைய கார் கண்காட்சி. அவிநாசி ரோட்டை விட்டுத் தள்ளி இருந்த இந்த மைதானத்தில் காலையிலிருந்தே கூட்டம். ஒலிபெருக்கிக்காரன் ஒவ்வொரு காராகப் புகழ்ந்துகொண்டிருந்தான். வரிசையின் அந்தக் கோடியில் நடுவர்கள் வந்துவிட்டார்கள். வெள்ளைக் கையுறையும் டார்ச்சுமாக முன்னால் வருகிறவர்தான் சென்னைக்காரர் அனந்தநாராயணன். அவர் ஒரு காருக்குள் தலையை விட்டால் லேசில் வெளியே எடுப்பதில்லை. வரட்டும். மெதுவாகவே வரட்டும். காத்திருக்கிற வித்தையை அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அந்தக் கார் அவளுடையது. சட்டப்படி இல்லை, காகிதப்படி இல்லை, ஆனாலும் அவளுடையது. அப்பா குழந்தைவேல் பம்ப் வார்க்கிற பட்டறை வைத்திருந்தவர். குன்னூரில் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறப்போன ஒரு வெள்ளைக்காரனிடமிருந்து, கூரையில்லாத, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய அந்தப் பந்தயக் காரை அவர் ஆசைப்பட்டு வாங்கினார். மகள் கல்யாணத்தில் நகை பாத்திரத்தோடு அதையும் மாலை போட்டு அனுப்பிவைத்தார். மாப்பிள்ளை வீட்டார் முதலில் முகம் சுளித்தார்கள், ரெண்டே சீட்டு, குடும்பத்துக்கு ஆகாது என்று. குடும்பம் என்று ஒன்று பெருகவே இல்லை, ஆகவே இரண்டு சீட்டே போதுமானதாக இருந்தது. உண்மையைச் சொன்னால் அந்த என்ஜின் ஒரு சள்ளை பிடித்த என்ஜின். அதை அவள் யாருக்காகவும் மறைக்கப்போவதில்லை. ஊட்டிக்குக் கிளம்பினால் கல்லாறு தாண்டி இரண்டு வளைவு ஏறுவதற்குள் தண்ணீர் கொதித்துவிடும். தண்டபாணி காரைவிட்டு இறங்கி ஓரமாகப் போய் சிகரெட் பற்றவைத்துக்கொள்வான், அவள் சேலை முந்தானையைச் சுருட்டிப் பிடித்து ரேடியேட்டர் மூடியைத் திறப்பாள், ஆவி முகத்தில் அடிக்கும், குரங்குகள் சுவரில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். நின்ற இடத்திலெல்லாம் எண்ணெய் சொட்டும். இரண்டு கார்புரேட்டரும் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள் மாதிரி, ஒன்று ஒத்துவந்தால் மற்றது முறுக்கிக்கொள்ளும். அந்த என்ஜினைக் கழற்றிவிட்டு அவன் வேறு போட்டதில் என்ன தப்பு? எத்தனையோ தடவை இந்தக் கேள்வியைத் தனக்குத்தானே கேட்டிருக்கிறாள். தப்பில்லை. சத்தியமாகத் தப்பில்லை. ஜப்பான்காரன் என்ஜினைப் போட்டு, சாவியைத் திருப்பினால் சத்தமில்லாமல் கிளம்புகிற மாதிரி பண்ணி, ஒரே மூச்சில் மலையேறட்டும். அப்பாவே உயிரோடு இருந்தால் பட்டறையில் வைத்து மாற்றிக் கொடுத்திருப்பார். அவர் இரும்பைக் கும்பிடுகிற ஆள் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவன் சொல்லாமல் இருந்திருந்தால், இந்தத் தார்ப்பாய், இந்தக் கயிறு, இந்த நாற்காலி, எதுவுமே இல்லை.

அந்த வாக்கியம். மறுபடியும் அங்கேதான் வந்து நிற்கிறது மனசு, எந்தப் பக்கம் விட்டாலும் செக்கு மாடு மாதிரி அங்கேதான். சித்தப்பா பேத்தி கல்யாணம், திருப்பூர் ரோட்டில் ஒரு மண்டபம். விவாகரத்தாகி அதிக நாள் ஆகவில்லை, ஆனாலும் அவனுக்கும் பத்திரிகை போயிருந்தது, மில் முதலாளி, பெரிய மனிதன் அல்லவா, புதுப் பெண்டாட்டியோடு பச்சைக் காரில் வந்து இறங்கினான். மண்டப வாசலில் ஆம்பளைகள் கூட்டம் காரைச் சுற்றி. பானெட்டைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தான். மொய் எழுதிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிய அவள் அந்த வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அவள் வருவதை அவன் பார்த்தான். பார்த்தான் என்பதில் சந்தேகமே இல்லை, பார்த்த பிறகுதான் குரலை உயர்த்தினான். "பழசு சும்மா சத்தந்தானுங்க, எண்ணெய் வேற ஒழுகும், ஏத்தம் ஏறாது, ஒரு பிரயோசனமில்லை. தூக்கி உக்கடத்துல எடைக்குப் போட்டேன், புதுசு ஒண்ணு போட்டேன். வீட்லயும் அப்படித்தானுங்க." சிரித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். எடைக்குப் போட்டேன் என்கிற இடத்தில் லேசாக, வீட்லயும் என்கிற இடத்தில் வெடித்து. சித்தப்பா சிரித்தார். சமையல்காரன் வாளியோடு நின்று சிரித்தான். அவள் தம்பி சிவானந்தம், உடன்பிறந்தவன், அவளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான், ஆனால் தோள் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் குலுங்கிய தோள். அவன் செத்துப்போய் நாளாகிவிட்டது, திவசத்துக்கு வடை சுடும்போதுகூட அந்தத் தோள்தான் எண்ணெயில் மிதக்கிறது. ஏத்தம் ஏறாது என்று தண்டபாணி சொன்னது காரைத்தானா? பிள்ளை இல்லாததைத்தானே சொன்னான், அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அதுதானே புரிந்தது? அதுவரைக்கும் மனசுக்குள்கூட அவர் என்றுதான் அவனை நினைத்துவந்தாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு மண்டபப் படியிறங்கின அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் அவனாகிவிட்டான்.

மறுநாள் காலையில் உக்கடத்தில் இருந்தாள். பழைய இரும்புக் கடைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். குளத்துப் பக்கத்துக் கடையொன்றில், துருப்பிடித்த பீரோக்களுக்கும் சைக்கிள் எலும்புகளுக்கும் பின்னால், வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது அந்த என்ஜின். உள்ளே மழைத்தண்ணீர். தண்ணீரில் கொசுப்புழு. இதை எதற்கு வாங்குகிறாய் என்று கடைக்காரர் கேட்கவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை. அப்பாவின் பட்டறை அவள் பங்காக வந்திருந்தது. பம்ப் சோதிக்கிற ஷெட்டின் மூலையில் அதை இறக்கி வைத்தாள். ஆட்கள் போன பிறகு ஒரு போல்ட், அடுத்த வாரம் ஒரு போல்ட் என்று கழற்ற ஆரம்பித்தாள். புத்தகம் வாங்கிப் படித்தாள். பெங்களூரிலிருந்தும் லண்டனிலிருந்தும் வளையங்களும் வால்வுகளும் வரவழைத்தாள். அப்பா ஞாபகம், பாசம் என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டாள். பாசமா? ஒவ்வொரு போல்ட்டையும் அவன் கழுத்து என்று நினைத்துத்தான் திருகினாள். அதற்கு நடுவே வேறு எத்தனையோ நினைத்தாள், வெளியே சொல்ல முடியாததெல்லாம். அந்தப் பச்சைப் பெயின்டில் நீளமாக ஆணியால் ஒரு கோடு. பெட்ரோல் டேங்கில் சர்க்கரை. ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது, பர்லியார் மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போகிற அவன் காலை, மிதித்து மிதித்துப் பார்க்கிற அந்தக் காலை அவ்வளவு துல்லியமாகப் பார்த்தாள், பார்த்துவிட்டுப் பயந்துபோய்ச் சோற்றைத் தள்ளிவைத்து எழுந்து கை கழுவினாள். கழுவின பிறகும் சந்தோஷம் போகவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அப்படியே வருஷங்கள் போயின, என்ஜினும் முழுசாகிவிட்டது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை. போன மாதம்தான் அவனே சொல்லிக் கொடுத்தான். பழைய கார்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம்: பச்சைக் கார், திறந்த பானெட், கீழே ஒரு வரி, பிறந்தபோது இருந்த அதே என்ஜினோடு. படத்தைப் பெரிதாக்கினாள். என்ஜின் உடம்பில் குத்தியிருந்த எண் தெளிவாகத் தெரிந்தது. போனைக் கையில் பிடித்தபடியே ஷெட்டுக்கு நடந்தாள். அதே எண். துணியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அதே எண்தான். எங்கிருந்தோ அதே மாதிரி பழைய என்ஜின் ஒன்றை வாங்கி, அதன் எண்ணை அரத்தால் ராவிவிட்டு, ஆர்.சி. புத்தகத்தில் இருந்த எண்ணைக் குத்தியிருக்கிறான். எடைக்குப் போட்டதுதான் எப்போதோ உருகிப் போயிருக்குமே என்கிற தைரியம். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு ஷெட்டுத் தகரத்தில் மோதித் திரும்பி வந்தது.

"அம்மா, உள்ள என்னங்க வச்சிருக்கீங்க? காலையில இருந்து மூடியே கெடக்குது." பக்கத்தில் சிவப்புக் கார் வைத்திருந்த பல் டாக்டர் சலாவுதீன். மரத்தடியில் மீதியிருந்த இடத்தை மாற்றம் செய்த கார்களுக்குக் கொடுத்திருந்தார்கள். டாக்டரின் கார் முன்னால் ஓர் அட்டை, அதில் கொட்டை எழுத்தில்: உடம்பு பழையது, என்ஜின் புதியது. "எங்கப்பா பட்டறை என்ஜினுங்க" என்றாள். முழுப் பொய்யும் இல்லை, விழாக்காரர்களிடமும் அதையே சொல்லித்தான் பம்ப் செட்டுகளோடு இடம் வாங்கியிருந்தாள். டாக்டருக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும் போலிருந்தது. "என்னைப் பார்த்தாலே அந்த ஒரிஜினல் கோஷ்டி மூஞ்சியத் திருப்பிக்கறாங்கம்மா, கொலைகாரனைப் பார்க்கற மாதிரி. நான் தெனமும் கிளினிக்குக்கு இதுலதான் போறேன். அவங்க வண்டியெல்லாம் லாரியில வந்து எறங்குது. ஓடாத வண்டிக்கு ஒரிஜினல் என்ஜின் எதுக்குங்க?" "மாத்துனதுல தப்பில்லைங்க டாக்டர். எழுதி வச்சிருக்கீங்கல்ல, அது போதும்." அவர் சந்தோஷப்பட்டுப் பிளாஸ்கிலிருந்து ஒரு டம்ளர் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். குடித்தாள். நாக்கில் சூடு தெரிந்ததே தவிர ருசி தெரியவில்லை. இந்த மனுஷன் எதையும் மறைக்கவில்லை, மாற்றினேன் என்கிறான், காரணம் சொல்கிறான், பழசைக் குப்பை என்று ஏசவும் இல்லை, இவனைப் போல ஒருத்தன் வாயில் அந்த வாக்கியம் வந்திருக்குமா? எதிர் வரிசையில் நடுவர்கள் ஒரு நீளமான கறுப்புக் காரை முடித்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார்கள்.  என்ஜின் ஸ்டார்ட் ஆகாவிட்டால்? நேற்றுச் சாயங்காலம் ஆனது. முந்தாநாளும் ஆனது. ஆறிக் கிடக்கிற என்ஜினுக்குச் சோக்கை எவ்வளவு இழுப்பது? பாட்டரி ஒயர் டெம்போவில் வரும்போது ஆடி ஆடித் தளர்ந்திருந்தால்? எழுந்து தார்ப்பாய்க்கு அடியில் கைவிட்டுத் தடவிப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது. இரும்பு சில்லென்று, பொறுமையாக இருந்தது.

கையை வெளியே எடுத்துத் திரும்பினால் சுகந்தி. அந்தப் புதுசு. பக்கத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை, ஒன்றும் புதுசாக இல்லை, கழுத்தில் சதை தொங்கியிருந்தது, வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். "நீங்கதான்னு அப்பவே நெனச்சேனுங்க்கா. கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா? அங்க நெழலே இல்லை." உட்காராதே என்று எப்படிச் சொல்வது. டாக்டர் தன் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். அக்காவாம். முறை சரிதான், எந்த அகராதியிலும் அதற்கு வேறு வார்த்தை கிடையாது. சுகந்தி தண்ணீர் குடித்தாள், வாயைத் துடைத்தாள், பச்சைக் காரையே பார்த்தாள். "உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, எனக்கு இந்தப் பைத்தியமே புரியலைங்க்கா. புது என்ஜின் போட்டப்ப ஊரெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். நல்லாத்தான் ஓடுச்சு. இப்ப பழசுக்குத்தான் மதிப்புன்னு ஆயிப்போச்சாம், கழட்டித் தூரப் போட்டுட்டுப் பழசைத் தேடிக் கொண்டாந்து மாட்டியாச்சு. நம்ம ஷெட்டு பின்னால மழையில கெடக்குது அந்தப் புது என்ஜின். ஓடறதை எதுக்குங்க கழட்டறதுன்னு கேட்டேன். உனக்கு ஒரு எழவும் தெரியாதுன்னுட்டார்." மழையில் கிடக்கிறது. சாந்தாமணிக்குள் ஒரு நொடி தேன் இறங்கிற்று. அனுபவி. நீயும் கிட. அடுத்த நொடியே அந்தத் தேன் தொண்டையில் கசந்தது, ஏனென்றால் சுகந்தி அதைப் புகாராகக்கூடச் சொல்லவில்லை, மழை பெய்கிறது, துணி காயவில்லை என்கிற மாதிரிச் சொன்னாள். இவளும் அன்றைக்கு அந்த மண்டப வாசலில் காருக்குள் உட்கார்ந்திருந்தாளே. இவள் சிரித்தாளா? எல்லோருடைய வாயும் ஞாபகமிருக்கிறது, இவள் வாய் மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. கேட்டுவிடலாம், அன்னைக்கு நீ சிரிச்சியா என்று. கேட்டால் இவள் இல்லை என்பாள், இல்லை என்றால் பாவம் பார்க்கத் தோன்றும், பாவம் பார்த்தால் கயிற்றை இழுக்க முடியாது. கேட்கவில்லை. "தொப்பி ஒண்ணு கொண்டாந்திருக்கலாம் நீங்க" என்று மட்டும் சொன்னாள். "மறந்துட்டேனுங்க்கா" என்றாள் சுகந்தி.

இன்னும் ஒரே ஒரு கார். வெள்ளைக் கார். அதற்குப் பிறகு பச்சை. நடுவர் வெள்ளைக் காருக்கு அடியில் குனிந்தார், அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று அவளுக்கு எல்லாமே சின்னதாகத் தெரிந்தது. இது ஒரு பழிவாங்கலா? இத்தனை காலம் நெஞ்சில் வைத்துப் புகைந்ததற்கு இதுதானா கூலி, ஒரு கோப்பை அவனுக்குக் கிடைக்காமல் போவதா? அவன் வீடு எரியவில்லை, மில் மூடவில்லை, கால் ஒடியவில்லை. நாளைக்கு வேறு கார் வாங்குவான். ஆனாலும் அவனுக்கு எது வலிக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும். நாலு பேர் முன்னால் தலை குனிவதுதான் வலிக்கும். அவளுக்கு அவன் செய்தது அதுதானே, அதே அளவு, ஒரு குந்துமணி கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். என்ன சொல்லுவான்? விழுந்துவிடுவானா? இல்லை, முதலில் கண்ணைச் சுருக்குவான், பிறகு எண்ணைப் படிப்பான், பிறகு அவள் முகத்தைப் பார்ப்பான், அந்த மூன்றாவதுக்காகத்தான் இத்தனையும். அதற்குள் நடுவர் நகர்ந்துவிட்டார். பச்சைக் காரின் பானெட் திறந்தது. தண்டபாணியின் குரல், இன்னும் கெட்டுப்போகாத அந்தக் குரல், புல்தரையைத் தாண்டி வந்தது. "பொறந்தப்ப இருந்த என்ஜினுங்க சார். என் கைக்கு வந்ததுல இருந்து ஒரு போல்ட் மாத்தலை." நடுவர் டார்ச்சை அடித்து எண்ணைச் சத்தமாகப் படித்தார், உதவிக்கு வந்தவர் எழுதிக்கொண்டார். கடைசி இலக்கம் காதில் விழுந்ததும் சாந்தாமணி கயிற்றை இழுத்தாள். தார்ப்பாய் தண்ணீர் மாதிரி வழிந்து கீழே விழுந்தது. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இதை அவள் யோசிக்கவே இல்லை. ஷெட்டில் பழகினபோது தார்ப்பாய் விழுந்ததுமே உலகம் திரும்பிப் பார்த்தது. இங்கே ஒரு குழந்தை ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு கடந்து போனது, அவ்வளவுதான். எழுந்தாள். கால் மரத்திருந்தது. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி நாலெட்டு நடந்தாள். "சார்" என்றாள், குரல் எலிக் குரலாக வந்தது, தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி, "சார், அந்த நம்பர் இங்கயும் ஒண்ணு இருக்குதுங்க." அனந்தநாராயணன் நிமிர்ந்து, அவளைப் பார்த்து, அவள் காட்டிய இடத்தைப் பார்த்து, நடந்து வந்தார். இரும்பு ஸ்டாண்டில் நின்ற என்ஜின் முன்னால் மண்டியிட்டார். டார்ச் வெளிச்சம் எண்ணின் மேல் ஊர்ந்தது, திரும்பி ஊர்ந்தது. "ரெண்டு என்ஜினுக்கு ஒரே நம்பர் இருக்க முடியாதேம்மா. ரெண்டுல ஒண்ணு பொய்." கூட்டம் இப்போது வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு தண்டபாணியும் வந்தான். கண்ணைச் சுருக்கினான். எண்ணைப் படித்தான். அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு நிதானமாக, அன்பாக என்றுகூடச் சொல்லலாம், புன்னகை செய்தான். "இவங்க என் பழைய சம்சாரம் சார். தனியா இருக்காங்க, மனசு கொஞ்சம் சரியில்லை. பட்டறை வச்சிருக்காங்க, நம்பர் குத்தறதெல்லாம் அங்க ஒரு வேலையே இல்லை. தப்பா எடுத்துக்காதீங்க, நான் பேசி அனுப்பிச்சிடறேன்." நடுவரின் கண் அவள் பக்கம் திரும்பியது, புதுப் பெயின்ட் மினுங்குகிற என்ஜினுக்குத் திரும்பியது, அவள் விரல்களுக்குத் திரும்பியது. அந்தக் கண்ணில் சந்தேகம் முளைப்பதை அவள் நின்று பார்த்தாள். ஆமாம், பட்டறையில் எண் குத்துகிற அச்சு இருக்கிறது. ஆமாம், புதுப் பெயின்ட் அடித்தவள் அவள்தான். துருவோடு விட்டிருந்தால் நம்பியிருப்பார்கள். இத்தனை வருஷம் அவள் துடைத்துத் துடைத்து, தனக்கு எதிரான சாட்சியை அல்லவா பளபளப்பாக்கியிருக்கிறாள். உக்கடத்துக் கடைக்காரரும் இப்போது இல்லை. மூக்கு வழியாக அந்த மூச்சு, இதோ, பக்கத்திலேயே. "ரெண்டையும் இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம், கமிட்டி பார்க்கட்டும்" என்றார் நடுவர், எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு. கமிட்டியில் பாதிப் பேர் தண்டபாணியோடு உட்கார்ந்து குடிப்பவர்கள். முடிந்தது.  ஷெட்டில் ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது. கைக்கு மட்டும் ஏதோ தெரிந்திருந்தது. அது பெட்ரோல் குழாயைத் திறந்து, சோக்கை இழுத்து, பொத்தானை அமுக்கியது.

ஒரு தடவை இருமியது. இரண்டாவது இருமலில் பற்றிக்கொண்டது. சைலன்சர் இல்லை, அரை முழக் குழாய்தான், மைதானமே அதிர்ந்தது. வேப்பமரத்துக் காக்கைகள் எழும்பின, ஒலிபெருக்கிக்காரன் என்ன சொல்கிறான் என்று தெரியவில்லை, டாக்டர் சலாவுதீன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தார். அவள் ஆக்ஸிலேட்டர் நெம்புகோலைத் தள்ளினாள், இன்னும் ஏறியது, கீழே புல் நடுங்கியது. தண்டபாணி ஓரடியில் அவள் பக்கத்தில் வந்துவிட்டான். சிரிப்பு போய்விட்டது. அவள் காதருகே குனிந்து எதையோ சொன்னான், கேட்கவில்லை, மறுபடி சொன்னான், வாய் அகலமாகத் திறந்து மூடியது, நெற்றி நரம்பு புடைத்தது, கண்ணோரத்தில் ஈரம் மாதிரி ஒன்று. புகையாக இருக்கும். புகையாக இல்லாமலும் இருக்கலாம். என்ன சொல்கிறான்? அவளுக்கே வெட்கமாக இருந்தது, இத்தனைக்குப் பிறகும், இந்த இரைச்சலுக்கு நடுவிலும், உள்ளே ஒரு மூலையில் ஏதோ ஒன்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. சாந்தா, அன்னைக்கு மண்டபத்துல நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. அந்த அளவு நீளம்தான் இருக்கும் போலிருந்தது, வாய் அசைகிற அளவைப் பார்த்தால். அதைத்தான் சொல்கிறானோ? பழியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அந்த ஒரு பேச்சு கிடைத்தால் இதை இங்கேயே விட்டுவிட்டு டெம்போ ஏறிப் போய்விடுவாளே. தண்டபாணி மூச்சை இழுத்து மறுபடி வாயைத் திறந்தான். கேட்டுவிட வேண்டும் என்று அவள் சுவிட்சை அணைத்தாள். என்ஜின் பட்டென்று நின்றது. அவன் குரல் நிற்கவில்லை.

"நான் எடைக்குத் தூக்கிப் போட்ட குப்பையை எதுக்குடி பொறுக்கிட்டு வந்தே!"

இரைச்சலை மீறிக் கத்தின கத்து, இரைச்சல் இல்லாத மைதானத்தில் வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் போயிற்று. கேட்காதவர் யாருமில்லை. அவனுக்கே கேட்டது.  அனந்தநாராயணன் வெள்ளைக் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். பிறகு உதவியாளரிடமிருந்து பட்டியலையும் பேனாவையும் வாங்கி, பச்சைக் காரின் பேருக்குக் குறுக்கே மெதுவாக ஒரு கோடு போட்டார். "எது பொய்னு நீங்களே சொல்லிட்டீங்க சார்" என்றார், கோபமே இல்லாமல். பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒருத்தர் சிரிக்க இன்னொருத்தர், அப்புறம் பத்துப் பேர். தண்டபாணி திரும்பித் தன் காரைப் பார்த்தான், சுகந்தியைப் பார்த்தான். சுகந்தி நாற்காலியை விட்டு எழவில்லை. காலியான தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகிக் கழற்றிக்கொண்டும் மாட்டிக்கொண்டும் இருந்தாள், ஆனால் வா என்று அவன் தலையசைத்தபோது அசையவில்லை. அவன் தனியாக நடந்து போனான். சந்தன நிறக் கோட்டின் முதுகில் வியர்வை ஒரு வட்டமாகப் பரவியிருந்தது. சாந்தாமணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சந்தோஷம் வந்தது. எதிர்பார்த்த அளவே வந்தது, குறைவில்லை. அதற்குப் பக்கத்திலேயே, அந்தச் சந்தோஷத்தோடு ஒட்டாமல், அவன் அதைச் சொல்லவில்லை, வேறு எதையோ சொன்னான் என்கிற ஒன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது. நெஞ்சு தடதடவென்று அடித்தது. என்ஜினிலிருந்து ஆவி கிளம்பி, அடியில் புல்லின் மேல் எண்ணெய் ஒரு சொட்டு விழுந்தது. கழுத்தில் கேமராவோடு ஒரு இளைஞன் கூட்டத்தில் புகுந்து முன்னால் வந்து, "அம்மா, செம சவுண்டுங்கம்மா! வீடியோ எடுக்கறேன், இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்க" என்றான்.

"இருப்பா" என்றாள் சாந்தாமணி. "ஆறட்டும்."